அறுபது குழி, அறுபது ஏக்கர் ஆன கதை

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி நகரத்தில் எங்கள் இயற்கை உழவர் குழு வாராவாரம் கடை போடும் இடம். காலை ஆறரை மணி இருக்கும். பாகூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து எங்கள் கீரைக்கார அம்மா வந்து இறங்கினார். ஈரத்துணி சுற்றிய இரண்டு கூடை. அரைக்கீரை, சிறுகீரை, கொஞ்சம் பொன்னாங்கண்ணி. மொத்தம் 60 கட்டு.

அன்றைக்குக் கீரை வாங்க ஆளே இல்லை. கூட்டம் இருந்தது, கீரை கேட்டு யாரும் வரவில்லை. காரணம், எங்கள் வாடிக்கையாளர்கள் முதல் நாள் இரவே மொபைலில் பட்டியலைப் பார்த்து வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். அந்த வாரப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயரே இல்லை. பத்து மணிக்குள் 11 கட்டு போனது. மீதி வாடிப்போய், மாட்டுக்குத்தான் ஆனது.

பட்டியலில் பெயர் ஏன் இல்லை என்று அன்று மதியம் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் செயலியில் 'நிலத்தின் பரப்பு' என்று ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் ஏக்கர், ஹெக்டேர் என்று இரண்டே இரண்டு அளவு. அம்மாவுக்காகப் பதிவு செய்தது அவருடைய பேத்தி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. "ஆயா, நம்ம நிலம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறாள். "அறுவது" என்று ஆயா சொல்லியிருக்கிறார். நம்ம புதுச்சேரிப் பக்கத்தில் அறுபது என்றால் அறுபது குழி. அது யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் கட்டத்தில் குழி இல்லை. பிள்ளை 60 என்று அடித்தாள், ஏக்கர் என்பது தானாக நின்றிருந்தது. அறுபது ஏக்கர் கீரை! ஐந்து ஏக்கருக்கு மேல் யாராவது பதிந்தால் சரிபார்க்கும் வரை அந்தப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டிருந்தோம். விதி தன் வேலையைச் சரியாகச் செய்தது. யாருக்கும் தகவல் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த விதியைப் போட்டது நான். அந்தக் கட்டத்தை வைத்ததும் நான்.

மறுநாள் போனில் விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மா சொன்ன வார்த்தை இன்னும் உறுத்துகிறது. "நீங்க பேங்க்ல இருந்தவரு சார். தப்பு எங்க மேலதான் இருக்கும்." அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பழையபடி தெருவில் கூவி விற்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

27 கட்டங்கள்

வங்கியில் 37 வருஷம் வேலை பார்த்துவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றேன். அப்பா விட்டுப்போன இரண்டு காணி நிலத்தில் ரசாயனத்தை நிறுத்தி விவசாயம் பார்க்கிறேன். குழுவில் கணக்கு வழக்கு என் பொறுப்பு. பங்கேற்பு உத்தரவாத முறை என்கிற பி.ஜி.எஸ். சான்று உங்களில் பலருக்குத் தெரியும். குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து ஒரு குழு, ஒருவர் நிலத்தை மற்றவர் போய்ப் பார்த்து உறுதி சொல்வது. அதற்கு ஒவ்வொருவரும் பதிவு வைத்திருக்க வேண்டும்: சர்வே எண், பரப்பு, விதை வந்த இடம், போட்ட எரு, தெளித்த கரைசல், பக்கத்து நிலத்தில் என்ன அடிக்கிறார்கள், இப்படி. சந்தைக்கு வேறு ஒரு கணக்கு.

எல்லாவற்றையும் ஒரே செயலியில் கொண்டுவந்துவிடலாம் என்று குழு உறுப்பினர் ஒருவரின் மகன், மென்பொருள் படித்த தம்பி, முன்வந்தார். என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது நான். 27 கட்டங்கள். எதையும் விடவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. வங்கிக்காரன் புத்தி, கட்டம் காலியாக இருந்தால் தூக்கம் வராது.

சந்தைக்கு முன் தினம் கீரைக்கார அம்மாவுக்குத் தெரிவிக்க வேண்டியது ஒரே ஒரு வரிதான்: நாளைக்கு என்ன கீரை, எத்தனை கட்டு. அதைச் சொல்ல அவர் 27 கட்டங்களைத் தாண்டி வர வேண்டியிருந்தது.

செலானைப் பாருங்கள்

கோபமும் வெட்கமுமாக இருந்த அந்த நாட்களில் எனக்குப் பழைய வேலைதான் கைகொடுத்தது. நம் வங்கிகளில் பணம் எடுக்கும் சீட்டு ஒன்று உண்டே, அதை நினைத்துப் பாருங்கள். தேதி, கணக்கு எண், தொகை, கையெழுத்து. வாடிக்கையாளருக்கு வேலை அவ்வளவுதான். அதே தாளில் ஓர் ஓரமாக 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று கோடு போட்டிருக்கும். அந்தப் பகுதி எங்களுக்கு. சரிபார்த்தவர் யார், அனுமதித்தவர் யார், எந்த எண். கைநாட்டு வைக்கிற பாட்டிக்கும் அதே சீட்டுதான், வியாபாரிக்கும் அதே சீட்டுதான். தாள் ஒன்று, இடம் இரண்டு. பாட்டி அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எங்களுக்கு வேண்டிய விவரமும் குறைவதில்லை. எத்தனை ஆயிரம் சீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேன்! செயலிக்கு 27 கட்டம் எழுதிய அன்று மட்டும் இது நினைவுக்கு வரவில்லை.

பணம் எடுக்கும் இயந்திரமும் இதே கதைதான். 1967-ல் லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த இயந்திரத்தை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய எண்ணை ஆறு இலக்கமாக வைக்க நினைத்தாராம். என்னால் நாலு எண்தான் ஞாபகம் வைக்க முடியும் என்று அவர் மனைவி சொல்லவே, நாலாக்கினார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். யாருக்காகச் செய்கிறோமோ அந்த ஆளிடம் கேட்டுச் செய்தால் இப்படி முடியும்.

அதே சமயம் கவுண்டருக்கு உள்ளே என்ன நடந்தது? கிளைகளெல்லாம் ஒரே கணினி வலையில் வந்த பிறகு, எங்களில் நாள்பட்ட காசாளர்கள் மெனுவையே தொட மாட்டார்கள். எந்தத் திரைக்கு எந்தக் குறியீடு என்பது விரலுக்கே தெரியும். நாலைந்து எழுத்தை அடித்தால் வேண்டிய இடம் வந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் போவார். இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகும். அனுபவசாலியின் குறுக்கு வழியை மூடிவிட்டு எல்லோரும் ஒவ்வொரு பட்டனாக அமுக்குங்கள் என்றால் கவுண்டரில் வரிசை வாசல் வரை போயிருக்கும்.

வில்லியனூரில் 1998-ல்

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. இப்போதைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் நடு மையம். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் என்று சுற்றுக் கிராமங்களில் கிளை மையங்கள். பல இடத்தில் சரியான தொலைபேசியோ நம்பகமான மின்சாரமோ இல்லாத காலம். வானொலி அலை வழியாகத் தகவல் அனுப்பினார்கள், சூரிய மின்சாரத்தில் கணினியை ஓட்டினார்கள். எம்பலத்தில் மையம் இருந்தது கோயிலுக்குச் சொந்தமான இடத்தில், நடத்தியது பெண்கள். எல்லாச் சாதியாரும் வந்துபோகலாம் என்று ஒப்புக்கொண்டால்தான் ஓர் ஊரில் மையம் வைப்பது என்பது விதி.

பசுமைப் புரட்சியை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம். அந்த விவாதம் இங்கே வேண்டாம். கணினியைக் கிராமத்துக்குக் கொண்டுவந்த முறையில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முதலில் கணினியை வைத்துவிட்டு ஆளைத் தேடவில்லை. உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று ஊரில் உட்கார்ந்து கேட்டார்கள். தானிய விலை, இடுபொருள் கிடைக்கும் இடம், அரசுத் திட்டங்கள், மருத்துவம் என்று ஊருக்கு ஊர் தேவை மாறியது.

வீராம்பட்டினம் மீனவர் கிராமம். அவர்களுக்கு வேண்டியது கடல் எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரம் பற்றிய முன்கணிப்பு வரைபடம் வரும். வில்லியனூரில் அதை எடுப்பார்கள், படித்துப் புரிந்துகொள்வார்கள், தமிழில் சொல்லாக்கி வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறவர் காதில் அது விழும். அவர் கணினியைத் தொட வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், எழுத்தே வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீனவருக்குப் படிப்பு இல்லை என்று தகவலைக் குறைத்துக் கொடுக்கவில்லை. கடற்படை மாலுமிக்குக் கிடைத்த அதே கணிப்புதான் அவருக்கும் கிடைத்தது. போய்ச் சேர்ந்த வழிதான் வேறு. கடலைப் பற்றிய அறிவில் அந்த மீனவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. கணினிக்கு மட்டும்தான் அவர் புதியவர்.

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஏற்பாடு உயிர் காத்தது. நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தி தெரிந்ததும் ஊருக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஜனங்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். அந்தக் கருவியை அந்த ஊர் ஆட்களே தினம் கையாண்டு பழகியிருந்தார்கள். அதனால்தான் அவசரத்தில் கை தடுமாறவில்லை.

இரண்டாவது தவறு

கதைக்கு வருகிறேன். புத்தி வந்ததும் நானும் அந்தத் தம்பியும் செயலியைத் தலைகீழாக மாற்றினோம். 27 கட்டங்களைத் தூக்கினோம். மூன்று பட்டன்கள்: பொருள், அளவு, சரி. பார்க்க அழகாக இருந்தது. இனிமேல் பிரச்சனை வராது என்று நினைத்தேன்.

பத்தே நாளில் வேறு பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. குழுவில் ஒரு இளைஞர் எட்டுக் காணியில் பாரம்பரிய நெல் போடுகிறார். பொறியியல் படித்தவர், கணினி அவருக்குக் கைவந்த கலை. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கிச்சிலிச் சம்பா என்று ரகவாரியாக, அரைத்த தேதிவாரியாக மூட்டைக் கணக்கு வைத்திருப்பவர். "என்ன சார், எல்லாத்தையும் எடுத்துட்டீங்க? பன்னெண்டு மூட்டையை ஒண்ணு ஒண்ணா அமுக்கிக்கிட்டு இருக்கேன். எந்த ரகம் எந்த மாசம் எவ்வளவு போச்சுன்னு பார்க்க வழியே இல்ல. நான் என் எக்செல்லுக்கே போயிடுறேன்" என்றார். போயும்விட்டார். அவர் கணக்கு தனியாக, எங்கள் கணக்கு தனியாக. வருஷக் கடைசியில் சான்றுக்கு இரண்டையும் ஒட்டவைப்பது யார்? நான்தான்.

சரி, அப்படியானால் 'எளிய முறை', 'முழு முறை' என்று இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றார் தம்பி. திறந்ததும் நீங்கள் எந்த வகை என்று கேட்டுவிடலாம். அதையும் கொஞ்ச நாள் செய்து பார்த்தோம். வேடிக்கை என்னவென்றால், பாதிப் பேர் கௌரவத்துக்காக முழு முறையைத் தொட்டுவிட்டு முழித்தார்கள். மீதிப் பேர் பயந்து எளிய முறையிலேயே நின்றுவிட்டார்கள். ஆறு மாதம் பழகிய பிறகும் அடுத்த படிக்கு வரவில்லை. இது ஒரே படிதானே என்று காலை எடுத்து வைக்க முடியாமல், நடுவில் ஒரு சுவர் மாதிரி நின்றது.

என் தவறு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. ஆட்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறோம். உண்மையில் ஒரே ஆள் ஒரு வேலையில் தேர்ந்தவர், இன்னொரு வேலையில் புதியவர். நெல் தம்பி போன மழைக்காலத்தில் முதல் தடவையாகக் கீரை விதைத்தார். கீரை விவரம் பதியும்போது அவரும் எது எங்கே இருக்கிறது என்று தேடினார். கீரைக்கார அம்மாவோ, மழை பெய்த மறுநாள் பறித்த கீரை எத்தனை மணி வரை தாங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வார். அதைக் கேட்க என் 27 கட்டத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000 வந்தபோது, நாம் அதிகம் தொடாத மெனு வரிகளை அது தானாகவே மறைத்துவைக்கும். எளிமையாக்கும் எண்ணம்தான். எங்கள் கிளையில் "நேத்து இருந்தது, இன்னைக்குக் காணோம்" என்று ஆளாளுக்குத் தேடினார்கள். 2007 பதிப்பில் அந்த மெனு முறையையே மாற்றிவிட்டார்கள். கிணற்றடியில் வாளியை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ இடம் மாற்றிவைத்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்?

மூன்றாம் முறை

இப்போது எங்கள் செயலி இப்படி இருக்கிறது.

திறந்ததும் ஒரே கேள்வி: நாளைக்கு என்ன, எவ்வளவு? போன வாரம் கொண்டுவந்த பொருட்கள் படத்தோடு மேலேயே நிற்கும். பெரும்பாலோருக்கு இரண்டு தொடலில் வேலை முடிந்தது. அதற்குக் கீழே, எப்போதும் அதே மூலையில், 'மேலும்' என்று ஒரு பட்டன். அதைத் திறந்தால் ரகம், அரைத்த தேதி, மூட்டை எண், மாதக் கணக்கு எல்லாம் வரும். ஒருவர் அதைத் திறந்தே வைத்துக்கொள்ள விரும்பினால், அவருக்கு அடுத்த தடவையும் திறந்தே இருக்கும். நெல் தம்பி பன்னிரண்டு மூட்டையை ஒரே வரியில் ஏற்றுகிறார். எக்செல்லிலிருந்து எடுத்து ஒட்டவும் வழி வைத்தோம். அவர் திரும்பி வந்துவிட்டார்.

பரப்பு விவரத்தை ஒவ்வொரு தடவையும் கேட்பதை நிறுத்தினோம். நிலத்துக்கு நேரில் போய்ப் பார்க்கும்போது, சான்றுக்காக, ஒரே ஒரு முறை. அளவில் முதலில் நிற்பது குழி. அப்புறம் காணி, ஆர், ஏக்கர். 60 குழி என்று போட்டவுடன் கீழே 'சுமார் 79 சென்ட்' என்று காட்டும். நம் பக்கத்தில் ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி, காணிக்கு 53 ஆர் சொச்சம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம் ஆரில் பேசும், பெரியவர்கள் குழியில் பேசுவார்கள், அரசுப் படிவம் ஹெக்டேரில் கேட்கும். இந்த மூன்றையும் மாற்றிக் கணக்குப் போடுவது இயந்திரத்தின் வேலை. அதை ஒரு பள்ளிப் பிள்ளையின் தலையில் வைத்தது நான்.

விதியையும் மாற்றினோம். சந்தேகமான எண் வந்தால் சத்தமில்லாமல் நிறுத்திவைப்பது கிடையாது. "60 ஏக்கரா, 60 குழியா?" என்று அந்த இடத்திலேயே கேட்கும். பதில் வராவிட்டாலும் பொருள் பட்டியலில் ஏறிவிடும், எனக்கு ஒரு குறிப்பு வரும். சந்தேகம் காகிதத்தில் இருக்கட்டும், கீரை கூடையில் வாடக் கூடாது.

இன்னொன்று, செயலியே வேண்டாம் என்பவருக்கும் வழி உண்டு. வாட்ஸ்அப்பில் குரலில் சொன்னால் போதும், அந்த வார முறைக்காரர் பதிவார். பதிந்ததும் படித்துக் காட்டிப் பதில் குரல் அனுப்ப வேண்டும். வில்லியனூர் மையத்தில் தன்னார்வலர் செய்த வேலையும் இதுதானே. இன்றைக்கு மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மாவுக்குப் பணம் வந்ததைக் குட்டிப் பெட்டி ஒன்று சத்தமாகச் சொல்கிறது. அதே பணத்தின் முழுக் கணக்கும் வேண்டியவருக்கு மொபைலில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில், சாதாரண பட்டன் போன்காரர்களும் யு.பி.ஐ.யில் பணம் அனுப்ப 123பே என்று வழி திறந்ததும் இதே யோசனைதான்.

உங்கள் குழுவுக்குச் செயலி வாங்கும் முன்

இப்போது எல்லா உழவர் குழுவுக்கும் யாராவது ஒரு செயலியைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வேண்டாம் என்று தள்ளவும் வேண்டாம், அப்படியே வாங்கவும் வேண்டாம். இந்த ஐந்தை மட்டும் பாருங்கள்.

1. குழுவில் மொபைலுக்கு மிகப் புதியவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அன்றாட வேலையை அவர் முடிக்கிறாரா என்று பாருங்கள்.

2. குழுவில் அதிகம் விற்பவர் கையிலும் கொடுங்கள். அவருடைய ஒரு வாரக் கணக்கை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு மட்டும் சரியாக இருந்தால் பாதிதான் தேறியது.

3. உங்கள் ஊர் அளவுகள் இருக்கின்றனவா? குழி, காணி, மா, மரக்கால், கட்டு. இல்லையென்றால் தவறு வரத்தான் செய்யும்.

4. தப்பாக அடித்தால் என்ன ஆகிறது? உடனே கேட்கிறதா, சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறதா?

5. உங்கள் கணக்கு முழுவதையும் நீங்களே வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? நாளைக்கு அந்தச் செயலி நின்றுபோனால் உங்கள் சான்றுப் பதிவு கையில் இருக்க வேண்டும்.

கீரைக்கார அம்மாவின் நிலத்துக்கு நானும் நெல் தம்பியும் ஐப்பசியில் போனோம். வரப்பில் உட்கார்ந்து, தப்பு பேத்தி மேல் இல்லை, என் மேல்தான் என்று அந்தப் பிள்ளை முன்னாலேயே சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, குடிக்க மோர் கொடுத்தார். கார்த்திகை இரண்டாவது ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்தார், 35 கட்டோடு. இப்போதும் அவர் செயலியைத் தொடுவதில்லை, குரலில்தான் சொல்கிறார். பேத்தி மட்டும் 'மேலும்' பட்டனைத் திறந்து, எந்தக் கீரை எந்த மாதம் அதிகம் போகிறது என்று ஆயாவுக்குப் படித்துக் காட்டுகிறாள். இந்த மாசியில் அதை வைத்துத்தான் பொன்னாங்கண்ணிப் பாத்தியைப் பெரிதாக்கினார்கள்.

உங்கள் குழுவில் கணக்கு எப்படி வைக்கிறீர்கள்? எங்கே இடறினீர்கள்? இதழுக்கு எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.